இரண்டு கிவிப் பழம்

மூடியைத் திறந்ததுமே தப்பு நடந்திருப்பது மான்ஹோவுக்குத் தெரிந்துவிட்டது. நேற்று மாலை தாள் தாளாகப் பிரித்து ஊறப்போட்ட மாட்டிறைச்சி இப்போது தாளாக இல்லை. மழையில் நனைந்த செய்தித்தாளைக் கசக்கிப் போட்டதுபோல், பழுப்பும் சாம்பலுமாகப் பாத்திரத்தின் அடியில் கிடந்தது. சாப்பாட்டுக் குச்சியால் ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தார். துண்டு வரவில்லை. நார் நாராகப் பிரிந்து சோயாச் சாற்றுக்குள்ளேயே திரும்ப விழுந்தது.

பேரிக்காய் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. மனைவி மால்சூன் நாற்பது வருடமாகப் புல்கோகி வதக்கலுக்கான இறைச்சியைத் துருவிய பேரிக்காயில்தான் ஊறவைத்தாள். இரவு வைத்தால் காலையில் பதமாக இருக்கும். புத்தாண்டுக்கு வந்த பேரிக்காய்ப் பெட்டியில் மிஞ்சியிருந்த கடைசிக் காயை மூன்று நாள் முன்பு டிவி பார்த்துக்கொண்டே மான்ஹோ தின்று தீர்த்திருந்தார். அது நினைவுக்கு வந்தபோது பராமரிப்புப் பெண் வேலை முடிந்து போய்விட்டிருந்தாள். மால்சூனைத் தனியே விட்டுவிட்டு மூன்று மாடி இறங்கிப் பழக்கடைக்குப் போக முடியாது. குளிர்பெட்டியில் கிவி இருந்தது. ஒன்று சின்னதாகத் தெரிந்ததால் இரண்டைத் துருவிப் போட்டார். பழத்தை மாற்றியவர் நேரத்தை மாற்றவில்லை. கிவி இறைச்சியைக் கரைத்துவிடும், அரை மணிக்குமேல் அதோடு இருக்கக்கூடாது என்பது அவர்கள் ஊரான ஜேச்சொனில் புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்குக்கூடத் தெரியும். சரக்கு ரயில் பெட்டிகளைச் சோதித்து முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"யூரிம் அப்பா."

உள்ளறையிலிருந்து மால்சூன் கூப்பிட்டாள். நவம்பரில் பக்கவாதம் வந்த பிறகு அவளுக்குப் பாதி வாய்தான் பேசியது. சொற்கள் குட்டையாக, ஓரம் உடைந்து வந்தன.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"மூடி சத்தம் கேட்டுது. அப்புறம் சத்தமே இல்ல."

மான்ஹோ பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். மறைத்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அவள் படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்திருந்தார்கள். எட்டிப் பார்த்தாள். முகத்தின் இடது பாதி மட்டும் மெல்ல விரிந்தது. சிரிக்கிறாள் என்று புரிய அவருக்கு ஒரு நொடி ஆனது.

"கிவியா?"

"ரெண்டு."

"ராத்திரி முழுக்கவா?"

"ம்."

"இது மேல ரயில் ஏறின மாதிரி இருக்கு."

"கொட்டிடறேன். நாளைக்கு வேற வாங்கி..."

"கொட்டினா உங்களோட பேச மாட்டேன்."

"இப்ப மட்டும் ரொம்பப் பேசறியாக்கும்."

அவள் மறுபடியும் பாதி முகத்தால் சிரித்தாள். பிறகு, நல்ல கையால் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு, "வதக்குங்க" என்றாள்.

எட்டு நாளாக அவள் புல்கோகிதான் கேட்டுக்கொண்டிருந்தாள். டிசம்பரில் தண்ணீர் நுரையீரலுக்குள் போய், காய்ச்சல் கண்டு, இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த பிறகு அவளுக்குக் கஞ்சிதான். தண்ணீரில்கூடக் கெட்டியாக்கும் பொடியைக் கலந்துதான் கொடுக்க வேண்டும். மகள் யூரிம் பக்கத்து நகரமான வோஞ்ஜுவில் முதியோர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். செய்ய வேண்டியதையும் கூடாததையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். மோவாய் நெஞ்சை நோக்கிக் குனிந்திருக்க வேண்டும். ஒரு கரண்டி விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கக்கூடாது. இறைச்சி கூடாது என்ற வரிக்குக் கீழே சிவப்பில் இரண்டு கோடு. எதைக் கொடுப்பதற்கு முன்பும் நாக்குச் சோதனை செய்யவேண்டும் என்பதுதான் கடைசி வரி. அதை அவள் நேரிலும் செய்து காட்டியிருந்தாள்.

"உங்க பல்ல மறந்துடுங்கப்பா. வாயில போட்டு நாக்கால மேல வச்சு அமுக்குங்க. கரைஞ்சா அது அம்மாவுக்கு. கரையலன்னா அது உங்களுக்கு. இன்னொரு தடவ நுரையீரலுக்குள்ள போச்சுன்னா அவ்வளவுதான், புரிஞ்சுதா?"

புரிந்தது. மான்ஹோ அதை ரயில்வேயில் செய்வதுபோலவே செய்தார். அங்கே ஒரு சக்கரத்தைச் சோதித்தாலும், ஒரு கைகாட்டியைப் பார்த்தாலும், சுட்டுவிரலை நேராக நீட்டி உரக்கக் கூவ வேண்டும். கண் பார்த்ததைக் கையும் வாயும் உறுதிசெய்யாவிட்டால் அது பார்த்ததாகாது. இரண்டு மாதமாக வேளைக்கு வேளை அவள் படுக்கையருகே நின்று விரலை நீட்டி, "முதுகு, சரி! மோவாய், சரி! நாக்குச் சோதனை, சரி!" என்று கூவிக்கொண்டிருந்தார். மால்சூன் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்வாள்.

வாணலியில் போட்டதும் இறைச்சி இன்னும் குழைந்தது. வெங்காயம் மட்டும்தான் தனியாகத் தெரிந்தது. அதைக் குச்சியால் பொறுக்கி எடுத்துவிட்டார். நல்லெண்ணெயும் பூண்டும் சர்க்கரையும் சேர்ந்து எழுந்த வாசனை வீடு முழுக்கப் பரவியது. இந்த மூன்று மாதத்தில் அந்த வீட்டில் இப்படி ஒரு வாசனை வந்ததில்லை. சாற்றை மட்டும் கொடுத்துவிடலாம் என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். சாற்றில் பொடி கலந்தால் அது இறைச்சி ஆகாது.

சின்னக் கிண்ணத்துடன் போய் நின்றார். விரலை நீட்டினார்.

"முதுகு..."

"இன்னிக்குக் கூவ வேணாம்" என்றாள் மால்சூன். "ஸ்டேஷன் லீவு. ஞாயித்துக்கெழம."

அவர் கையை இறக்கினார்.

முதல் கரண்டி சாறு. அவள் அதை வாய்க்குள் வெகுநேரம் வைத்திருந்தாள். விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டினாள். அடுத்த கரண்டியையும் சாறாகவே எடுத்தார். அவள் தலையை ஆட்டினாள். கிண்ணத்தின் அடியைப் பார்த்தாள். அவர் அடியிலிருந்து எடுத்தார்.

மூன்று கரண்டியா, நான்கா? அன்றைக்கு முழுவதும் அவர் அதை நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். கடைசிக் கரண்டிக்குப் பிறகு, "உப்பு" என்றாள்.

"அதிகமா?"

"கம்மி."

பிறகு ஒரு இருமல். பெரியதாக இல்லை. பக்கத்து அறையில் யாரோ தொண்டையைச் சரிசெய்வதுபோல. மான்ஹோவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அவள் கண்ணில் நீர் இல்லை, முகம் சிவக்கவில்லை. நல்ல கையை அசைத்து, ஒன்றுமில்லை என்று காட்டினாள். சுவர்க் கடிகாரத்தில் எட்டு இருபத்தைந்து.

எட்டு நாற்பதுக்கு அவள், "முதுகு வலிக்குது. படுக்கறேன்" என்றாள்.

"இன்னும் கால் மணி இருக்கு."

"நீங்க உட்கார்ந்து பாருங்க, மூணு மாசம்."

அவர் படுக்கையின் கைப்பிடியைச் சுற்றினார். முழுக்க இறக்கவில்லை, பாதிதான். போர்வையை மோவாய் வரை இழுத்துவிட்டார். அவள் கண்ணை மூடியபடி, "அடுத்த தடவ ஒரு கிவி" என்றாள்.

அவர் சமையலறைக்குத் திரும்பும்போதே போன் அடித்தது. யூரிம்.

"அம்மா சாப்பிட்டாங்களா?"

"ஆச்சு."

"என்ன குடுத்தீங்க?"

வாணலியில் முக்கால்வாசி மிஞ்சியிருந்தது. அதன்மேல் நீராவி இன்னும் அடங்கவில்லை.

"கஞ்சி" என்றார் மான்ஹோ.

"அம்மாகிட்ட குடுங்க."

"தூங்கறா."

"சாப்பிட்ட உடனேவா? படுக்க வச்சிட்டீங்களா?"

"இல்ல இல்ல. உட்கார்ந்தே தூங்கறா."

"இருமினாங்களா?"

"இல்ல."

"சரிப்பா. எழுப்பாதீங்க. சாயங்காலம் பண்றேன்."

அதனால் எழுப்பவில்லை. சொன்ன பொய்க்கு ஏற்றபடி வீட்டை நடத்துவதுபோல், கால்விரலில் நடந்தார். கெட்டிலில் தண்ணீர் கொதித்துச் சீழ்க்கை அடிப்பதற்குள் அணைத்தார். குழாயை மெல்லிசாகத் திறந்து கிண்ணத்தையும் கரண்டியையும் கழுவினார். வாணலியைக் கழுவவில்லை, தேய்த்தால் சத்தம் வரும். இரண்டு தடவை உள்ளறைக் கதவருகே போய்ப் பார்த்தார். போர்வையில் அச்சிட்டிருந்த சாமந்திப்பூக்கள் மேலும் கீழும் அசைவதாகத்தான் தோன்றியது. உறுதியாகத் தெரியவில்லை. கண்ணாடி சமையலறை மேசைமேல் இருந்தது. எடுத்து வந்து பார்க்கலாம் என்று நினைத்தார். எடுக்கவில்லை.

பத்து ஐம்பதுக்கு மருந்து நேரம். கையைத் தொட்டு எழுப்பினார். கை, தரைக்கடியில் ஓடும் வெந்நீர்ச் சூடு எட்டாத மூலையில் வைத்த கிண்ணம்போல் சில்லிட்டிருந்தது.

அவசர எண்ணில் பேசிய பெண் பதறாமல் கேட்டாள். "மூச்சு இருக்கா ஐயா?"

"தெரியல. சில்லுன்னு இருக்கா."

"ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. தலைய லேசா பின்னால சாய்ச்சு, வாயில எதாவது அடைச்சிருக்கான்னு பாருங்க. இருந்தா விரலால எடுங்க."

மான்ஹோ வாயைத் திறக்கப் பார்த்தார். தாடை முழுக்கத் திறக்கவில்லை. விரல் நுழையும் அளவு இடைவெளியில் இருட்டு. உள்ளிருந்து நல்லெண்ணெய் வாசனை வந்தது. விரலை உதடுவரை கொண்டுபோனவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"எதாவது இருக்கா ஐயா?"

"இல்ல" என்றார்.

யூரிமுக்குப் போன் செய்தார். "அம்மா..." என்று மட்டும் வந்தது. அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. பிறகு சாவிக்கொத்தின் சத்தம் கேட்டது.

"எப்ப?"

"தெரியல."

"நான் வர்றேன். எதையும் தொடாதீங்க. அம்மாவ அசைக்காதீங்க. வர்றேன்."

எதையும் தொடாதீங்க. எதற்காக அப்படிச் சொன்னாள் என்று அவர் நின்றபடி யோசித்தார். அடுப்பின்மேல் வாணலி இருந்தது. கழிவுணவுப் பையை இழுப்பறையிலிருந்து எடுத்து வாய் விரித்தார். வாணலியைத் தூக்கிப் பையின்மேல் சாய்த்தார். குழைந்த இறைச்சி மெதுவாக விளிம்புக்கு நகர்ந்து வந்தது. வெள்ளைக் கொழுப்பு அதற்குமேல் ஏடு கட்டத் தொடங்கியிருந்தது. விளிம்பில் அது நின்றது. அவரும் நின்றார். இதைக் கொட்டிவிட்டால் அவள் கடைசியாகத் தின்றது கஞ்சி என்றாகிவிடும். அழைப்பு மணி அடித்தது. வாணலியை அடுப்பிலேயே வைத்து மூடியைப் போட்டுவிட்டுக் கதவைத் திறக்கப் போனார்.

ஆம்புலன்ஸில் வந்த இருவரும் உள்ளறையில் மூன்று நிமிடம்கூட இருக்கவில்லை. மூத்தவர் வெளியே வந்து கையுறையைக் கழற்றினார். "தாடை இறுகிடுச்சு ஐயா. நாங்க செய்யறதுக்கு ஒண்ணுமில்ல. வீட்டுல இறந்தா போலீஸ் வந்து பார்க்கணும். பயப்படாதீங்க, வழக்கம்தான்."

மான்ஹோ போய்ச் சமையலறை மேசையில் உட்கார்ந்தார்.

போலீஸில் இரண்டு பேர் வந்தார்கள். காலுக்கு நீல உறை மாட்டிக்கொண்டு ஒருவர் உள்ளறையைப் படம் எடுக்கப் போனார். ஐம்பது வயதுப் பெண் காவலர் மான்ஹோவுக்கு எதிரில் சமையலறை மேசையில் அமர்ந்து, அட்டையில் செருகிய தாளைத் திறந்தார். அவர் உட்கார்ந்த இடத்துக்கும் அடுப்புக்கும் ஒரு கை தூரம். வயிறு சத்தம் போட்டது, காவலருடையது.

"மன்னிச்சுக்கோங்க. விடியறதுக்கு முன்னயே வந்த டியூட்டி" என்றார் அவர். "கடைசியா எப்ப பேசினாங்க?"

"எட்டே முக்கால் இருக்கும்."

"என்ன சொன்னாங்க?"

மான்ஹோ பேனாவின் முனையைப் பார்த்தார். அடுத்த தடவ ஒரு கிவி. "தூங்கறேன்னு சொன்னா."

"கடைசியா என்ன சாப்பிட்டாங்க?"

குளிர்பெட்டிக் கதவிலிருந்த தாள் காவலரின் தோளுக்குப் பின்னால் தெரிந்தது. சிவப்புக் கோடுகள் இரண்டும் இவ்வளவு தூரத்துக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிந்தன.

"கஞ்சி."

காவலர் எழுதினார். அந்தச் சொல்லை எழுத அவருக்கு நெடுநேரம் ஆனதுபோல் இருந்தது. எழுதிவிட்டு நிமிர்ந்து, காற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். மூடிய வாணலியைப் பார்த்தார். "உங்களுக்குச் சமைச்சீங்களா?" என்று கேட்டார்.

"ம்."

"தனியாவே பார்த்துக்கிட்டீங்களா அவங்கள?"

"ஞாயிறு தவிர தினம் மூணு மணி நேரம் ஒரு அம்மா வரும். மத்தபடி நான்."

"கஷ்டம்தான்" என்றார் காவலர். அது ஆறுதலா கேள்வியா என்று மான்ஹோவுக்குத் தெரியவில்லை.

போலீஸ் வரவழைத்த டாக்டர் பன்னிரண்டே காலுக்கு வந்தார். குள்ளமான, அவசரமில்லாத மனிதர். மால்சூனின் கண்ணிமையைத் தூக்கினார். கழுத்தைப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். பிறகு மரக்குச்சியால் உதட்டை விலக்கி, இறுகிய பற்களுக்கு நடுவில் சின்ன விளக்கின் ஒளியைச் செலுத்தினார். மான்ஹோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரயில் நிலையத்தின் பின்தடத்தில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் குனிந்து நிற்கும்போது எங்கோ தொலைவில் இஞ்சின் மோதி, அந்த அதிர்ச்சி ஒவ்வொரு பெட்டியாகத் தாண்டித் தன்னை நோக்கி வருவதைக் கேட்டிருக்கிறார். ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது. இப்போது அதேபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் துணியால் கடைவாய்ப் பல்லைத் துடைத்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். துணியில் பழுப்பாக ஒரு கறை.

"கொஞ்சம் மிச்சம் இருக்கு. என்ன சாப்பிட்டாங்க?"

"கஞ்சின்னு சொல்றார்" என்றார் பெண் காவலர்.

டாக்டர் துணியை மடித்து உறையில் போட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து மேசையருகே நின்றபடி பேசினார். "அடைப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியல. மூச்சுமுட்டினா முகத்துல, கண்ணுல சில அடையாளம் இருக்கும். அதுவும் இல்ல. பக்கவாதம் வந்த ஆள், இந்த மாதிரி தூக்கத்துல போறது அநேகமா மறுபடியும் மூளையில அடைச்சிருக்கும். வெளியில இருந்து பார்த்து நான் இவ்வளவுதான் சொல்ல முடியும். அறுத்துப் பார்த்தாத்தான் முழுசா தெரியும். அது குடும்பம் சொல்ல வேண்டியது."

அநேகமா. மான்ஹோ அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். ஒரு சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிவிட்டு அநேகமாக விரிசல் இல்லை என்று அவர் ஒரு நாளும் எழுதிக் கொடுத்ததில்லை.

படியில் காலடிச் சத்தம். யூரிம் ஆஸ்பத்திரிச் சீருடைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். வாசலில் ஒரு செருப்பைக் கழற்றியவள் மற்றதைக் கழற்றாமலே ஒரு நிமிடம் நின்றாள். கண்கள் அப்பாவைத் தாண்டி அடுப்பின்மேல் போய் நின்றன. பிறகு மற்றதையும் கழற்றிவிட்டு, யாரிடமும் பேசாமல் உள்ளறைக்குப் போனாள்.

அழுகைச் சத்தம் வரும் என்று மான்ஹோ காத்திருந்தார். வரவில்லை. போர்வை விலக்கப்படும் ஓசை. படுக்கையின் கைப்பிடி ஒருமுறை கிறீச்சிட்டது. எவ்வளவு இறக்கியிருந்தது என்று பார்க்கிறாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

பெண் காவலர் எழுந்தார். "நீங்க ஒரே பொண்ணா?"

"ஆமா."

"டாக்டர் சொன்னத உங்ககிட்டயும் சொல்லிடறேன். சந்தேகப்படற மாதிரி எதுவும் இல்ல. காலையில கஞ்சி சாப்பிட்டிருக்காங்க, தூங்கினாங்க, தூக்கத்துலயே போயிட்டாங்க. இத எல்லாரையும் கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அம்மா இறந்ததுல உங்களுக்கு எதாவது சந்தேகம் இருக்கா?"

யூரிம் தாள் ஒட்டியிருந்த குளிர்பெட்டிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வாய் திறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று மான்ஹோவுக்குத் தோன்றியது. அவள் சந்தேகம் இல்லை என்று சொன்ன பிறகு சொன்னால் அது வேறு விஷயம்.

"கஞ்சி இல்ல" என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"மாட்டிறைச்சி. நான்தான் குடுத்தேன். மூணு கரண்டி. நாலா இருக்கலாம். ஒரு தடவ இருமினா. அரை மணி ஆகறதுக்கு முன்னாடி படுக்க வச்சிட்டேன்." குரல் அவருடையதாக இல்லை. பணியில் விபத்து நடந்தால் மேலதிகாரியிடம் நின்று ஒப்பிக்கும் குரல். "நாக்குச் சோதனை பண்ணல."

காவலரின் பேனா தாளுக்குமேல் நின்றது. டாக்டர் மூடிய வாணலியைப் பார்த்தார், பிறகு தன் காலணி உறையைப் பார்த்தார். அடுத்த வீட்டில் டிவி ஓடும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ பாடச் சொல்லிக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப இனி நீங்கதான் சொல்லணும்" என்று காவலர் யூரிமிடம் சொன்னார். "சந்தேகம் இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா, மேற்கொண்டு பார்க்கறதுக்கு அனுப்பிடுவோம். முடிவு வர ரெண்டு வாரம் ஆகும். அதுல வெக்கப்பட எதுவும் இல்ல."

யூரிம் அப்பாவைப் பார்த்தாள். உள்ளே வந்ததிலிருந்து அவரை அவள் நேராகப் பார்த்தது அப்போதுதான். நோயாளியின் வெப்பமானியைப் படிக்கும் பார்வை. மான்ஹோ தலையைக் குனிந்துகொள்ளவில்லை. குனிந்தால் அது கெஞ்சுவதாகும் என்று நினைத்தார்.

"இல்ல" என்றாள் யூரிம். "சந்தேகம் இல்ல."

"இறைச்சின்னே எழுதிடட்டுமா?"

"எழுதுங்க."

காவலர் கஞ்சியின்மேல் இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினார். மான்ஹோவின் கையெழுத்தை அந்தத் திருத்தத்துக்கு அருகிலும் ஒருமுறை வாங்கிக்கொண்டார். போகும்போது வாசலில் குனிந்து வணங்கி, "உடம்பப் பார்த்துக்கோங்க ஐயா" என்றார்.

கதவு மூடியது. இறுதிச்சடங்கு மண்டபத்திலிருந்து வண்டி வர நாற்பது நிமிடம் ஆகும் என்று போனில் சொன்னார்கள். யூரிம் அம்மாவின் படம் ஒன்றைத் தேடினாள், அடையாள அட்டையை எடுத்தாள், தன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து மூன்று நாள் விடுப்புச் சொன்னாள். எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். அப்பாவிடம் மட்டும் பேசவில்லை.

மான்ஹோ மேசையில் உட்கார்ந்திருந்தார். அவள் போலீஸிடம் சொன்ன 'இல்லை', போலீஸுக்காகச் சொன்னது. அது அவருக்குத் தெரியும். தனக்கான பதில் அவள் வாய்க்குள்ளேயே இருக்கிறது. அது இந்த நாற்பது நிமிடத்துக்குள் வரலாம். மூன்று நாள் துக்கமும் முடிந்து, எல்லாரும் போன பிறகு வரலாம். வராமலே போய், ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அவள் கொண்டு வரும் பேரிக்காய்ப் பெட்டிக்குள் இருக்கலாம்.

"ரெண்டாவது மாடி திரும்பும்போதே வாசன வந்துடுச்சு" என்றாள் யூரிம், அவருக்கு முதுகைக் காட்டியபடி.

அவர் வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"போன்ல கேட்டேனே. அப்பவே சொல்லியிருக்கலாம்."

"ம்."

"என்ன வெட்டு வாங்கினீங்க? எவ்வளவு மெல்லிசு?"

"கசாப்புக்கடையில புல்கோகிக்குன்னு கேட்டேன். தாள் மாதிரி சீவிக் குடுத்தான்."

"தாள் மாதிரின்னாலும் நார் இருக்குமேப்பா. நார்தான் தொண்டையில ஒட்டும்."

"கிவி போட்டேன்."

அவள் திரும்பினாள். "எத்தன?"

"ரெண்டு. ராத்திரி முழுக்க."

யூரிமின் முகத்தில் ஏதோ அசைந்தது. இடது பக்கம் மட்டும். அது சிரிப்பாக மாறுவதற்குள் அவள் அதை நிறுத்திவிட்டாள். அடுப்பருகே போய் மூடியைத் திறந்தாள். கொழுப்பு ஏடு வெள்ளையாக உறைந்திருந்தது. அவள் அடுப்பைப் பற்றவைத்து, தீயைக் குறைத்தாள். ஏடு ஓரத்திலிருந்து உடைந்து கரைந்தது. காலையில் எழுந்த அதே வாசனை மறுபடியும் எழுந்து, சமையலறையைத் தாண்டி, திறந்திருந்த உள்ளறைக் கதவு வழியாகப் போனது.

கழுவிக் கவிழ்த்திருந்த ரப்பர்க் கரண்டியை அவள் எடுத்தாள். அம்மாவுடையது. வாணலியின் அடியிலிருந்து ஒரு கரண்டி அள்ளினாள். காலையில் மால்சூனுக்குக் கொடுத்த அதே அளவு. ஊதி ஆற்றினாள். முதுகை நிமிர்த்தினாள். மோவாயை நெஞ்சை நோக்கிக் குனித்தாள். வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

மான்ஹோ மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மகளின் தாடையைப் பார்த்தார். அது அசையவில்லை. கன்னத்துக்குள் நாக்கு மட்டும் எழுந்து, அமுக்கி, நின்றது. அடுப்பில் தீ சிறிதாக எரிந்துகொண்டிருந்தது. மேசைமேல் கிடந்த அவர் வலது கையின் சுட்டுவிரல் தானாக நீண்டு அவளை நோக்கியது. கூவ வேண்டிய சொல் வாய்வரை வந்து அங்கேயே நின்றது.

அவள் மெல்லாமலே விழுங்கினாள்; தொண்டை ஒருமுறை மேலேறி இறங்கியது.

கண்ணைத் திறக்காமலே அவள் கரண்டியை மறுபடியும் வாணலிக்குள் விட்டாள்.